ஊதினேன், குடிக்கவில்லை

நான் களைக்கொல்லியைக் குடிக்கவில்லை. மருத்துவமனையில் இருந்த இருபத்திரண்டு நாட்களில் இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வார்டு சிஸ்டர், ஸ்கேன் எடுப்பவர், பக்கத்துக் கட்டில்காரி, விசாரிக்க வந்த போலீஸ்காரர், கூடப் பிறந்த அண்ணன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒரே ஒரு டாக்டரைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். நிறையப் பேசினால் இப்போது எனக்கு மூச்சு வாங்குகிறது. எழுதினால் வாங்குவதில்லை.

என் பெயர் மாதம்மாள். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். பெரும்பாலும் தக்காளிதான் வைப்போம். என் வீட்டுக்காரர் சின்னசாமிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பதினாறு லிட்டர் டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் நான்தான் மருந்தடிக்கிறேன். பொம்பளை மருந்தடிப்பதை ஊரில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். களை அவர்கள் பார்வைக்குச் சாகாது.

அன்று காலை சால்களுக்கு நடுவில் இருந்த களைக்கு பாராகுவாட் அடித்துக்கொண்டிருந்தேன். கரும்பச்சையாக இருக்கும். அடித்த மறுநாளே புல் காய்ந்து சுருண்டுவிடும் என்பதால் எல்லோருக்கும் பிடித்த களைக்கொல்லி. இரண்டாவது டேங்க்கில், மருந்து பீச்சும் குழாய் முனையான நாசில் அடைத்துக்கொண்டது. தொட்டித் தண்ணீரில் பாசி இருந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேனோ அதைத்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வார்கள். நாசிலைக் கழற்றி, வாயில் வைத்து ஊதினேன். என் அப்பா ஊதுவார், அண்ணன் ஊதுவான். ஊதாமல் நாசிலைச் சுத்தம் செய்கிற ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. வாயில் கசப்பாகப் பட்டது. துப்பினேன். வாய்க்கால் தண்ணீரில் கொப்பளித்தேன். மறுபடியும் மாட்டிக்கொண்டு மீதி நிலத்தையும் அடித்து முடித்தேன். டேங்க்கின் மூடி கசிந்து முதுகு முழுக்க நனைந்திருந்தது. அதுவும் புதிதில்லை.

அன்று சாயங்காலம் தொண்டை எரிந்தது. மறுநாள் நாக்கு வெந்துபோன மாதிரி ஆனது. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் காட்டினேன். "ஒடம்பு சூடும்மா. மோர் குடிங்க" என்று சொல்லி வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். களைக்கொல்லி அடித்ததை நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. வாய்ப்புண்ணுக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் நினைத்தேன். வைத்தியம் பார்க்கிறவர் அப்படி நினைக்கலாமா? விவசாயம் செய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, நேற்று என்ன அடித்தாய் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா?

மூன்றாம் நாள் நாக்கின் தோல் உரிந்து வந்தது. சிறுநீர் ஒரு டம்ளர்கூடப் போகவில்லை. குமட்டல் நிற்கவில்லை. பாலக்கோடு வந்து பஸ் மாறி தருமபுரிக்குப் போனோம். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. யார் மேலும் வழக்குப் போட எனக்கு நேரமில்லை.

ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் என்று ஒன்று பார்த்தார்கள். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு அது. ரத்தத்தில் அது ஏறியிருந்தால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எனக்கு நிறைய ஏறியிருந்தது. "வேற ஏதாவது சாப்டீங்களா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் என் வீட்டுக்காரர், "மூணு நாள் முன்னாடி களைக்கு மருந்தடிச்சாங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லார் முகமும் மாறிவிட்டது. அதுவரை நான் நோயாளி. அதற்குப் பிறகு, புருஷனோடு சண்டை போட்டு மருந்து குடித்தவள்.

"எவ்ளோ குடிச்சீங்க?" என்றார் கேஸ் ஷீட் எழுதியவர்.

"குடிக்கல. நாசில ஊதினேன்."

"பயப்படாதீங்க. உண்மையச் சொன்னாத்தான் காப்பாத்த முடியும். ஒரு மூடியா, ரெண்டு மூடியா?"

"ஊதினேங்க!"

அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "வூட்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

என் வீட்டுக்காரர் பேசாமல் நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு கேள்வி கேட்டால், பதிலை ஊருக்குப் போய் யோசித்துவிட்டு வருவார். அந்த மௌனத்தை வைத்து அவர்கள் ஒரு கதையே கட்டிவிட்டார்கள்.

என் சிறுநீரில் ஏதோ ஒரு பொடியைப் போட்டுக் கலக்கினார்கள். லேசாக நீலமாக மாறியது. பாராகுவாட் உடம்புக்குள் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். நீலம் ஆழமாக இருந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம், வெளிறி இருந்தால் நம்பிக்கை உண்டு. என்னுடையது வெளிர் நீலம். அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "குடிச்சிருந்தா கருநீலமா ஆயிருக்காதுங்களா?" குழாயைக் கழுவ எடுத்துப் போய்விட்டார்கள்.

இது போலீஸ் கேஸ் என்று எழுதினார்கள். மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். அதற்குள் என் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். பேச முடியவில்லை. எக்ஸ்ரே கவரின் பின்னால் 'ஊதினேன், குடிக்கவில்லை' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் படித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாருமே மொதல்ல இப்பிடித்தாம்மா சொல்லுவாங்க. புருஷனக் காப்பாத்துறீங்களா? பயப்படாம எழுதுங்க. அடிப்பாரா?"

நான் அந்தக் கவரைப் பிடுங்கி, அதே வரியை இன்னும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பக்கத்துக் கட்டில்காரி என்னிடம் ரகசியமாக, "எம் மருமவளும் இப்பிடித்தான் பண்ணுனா கண்ணு. ஆம்பளைங்க திருந்தவே மாட்டாங்க" என்று ஆறுதல் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் குளுக்கோஸ் ஊசியையே பிடுங்கியிருப்பேன். அவளோ தன் மகன் கொண்டு வந்த இட்லியில் பாதியை என் வீட்டுக்காரருக்குத்தான் கொடுத்தாள். திருந்தாத ஆம்பளை என்று திட்டிக்கொண்டே கொடுத்தாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார்.

என்னை நம்பிய அந்த ஒரே டாக்டர் பெயர் கலைவாணி. முப்பது வயது இருக்கலாம். என் கேஸ் ஷீட்டைப் படித்தார். எக்ஸ்ரே கவரையும் படித்தார். பிறகு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"ஊதினதுல அடைப்பு போச்சா அக்கா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்புறம் உறிஞ்சினீங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இதை நான் அவரிடமும் சொல்லியிருக்கவில்லை. மேலே எழுதும்போது உங்களிடமும் சொல்லவில்லை. ஆமாம், உறிஞ்சினேன். ஊதினால் பாசி இன்னும் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும், உறிஞ்சினால் வெளியே வந்துவிடும். மூன்று முறை ஊதி, ஒரு முறை உறிஞ்சினேன். ஒரு வாய்கூட இருக்காது. அதில் கொஞ்சம் தொண்டைக்குள் போய்விட்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் விஷத்தை உறிஞ்சினேன் என்று எப்படிச் சொல்வது?

"உங்கள மாதிரியே ஒருத்தரு போன வருஷம் வந்தாரு. அவரையும் யாரும் நம்பல" என்றார் டாக்டர். கேஸ் ஷீட்டில் எதையோ அடித்துவிட்டு எழுதினார்.

அதன் பிறகு உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னார். அதைச் சொன்னதற்காகவே அவருக்குக் கோடி புண்ணியம். மற்றவர்கள் எல்லாம் "கண்டிஷன் பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

"இந்த மருந்து நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். அங்கதான ஆக்சிஜன் நெறைய இருக்கு? ஒவ்வொரு ஆக்சிஜன் மேலயும் ஒரு எலக்ட்ரானத் தள்ளிவிடும். உடனே அந்த ஆக்சிஜனுக்கு வெறி புடிச்ச மாதிரி ஆயிடும். ஆர்.ஓ.எஸ்.னு நாங்க சொல்லுவோம். பக்கத்துல என்ன இருந்தாலும் கடிக்கும். செல்லோட சுவரக் கடிக்கும், உள்ள இருக்கிற டி.என்.ஏ.வக் கடிக்கும். மருந்து அதோட தீர்ந்துபோறதில்ல. மறுபடி வந்து அடுத்த ஆக்சிஜனப் புடிக்கும்."

"சிறுநீரகத்துக்கு என்னாச்சுங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மருந்து அது வழியாத்தான் வெளிய போகும். போற வழியில அங்கயும் கடிச்சுட்டுத்தான் போகும். செத்த செல்லுக்குப் பதிலா, பக்கத்துல உசுரோட இருக்கிற செல் ரெண்டாப் பிரியணும். அதுக்கு முன்னாடி அது தன்னோட டி.என்.ஏ.வ ஒரு காப்பி எடுக்கும். காப்பி எடுக்கிற நேரத்துல இந்த வெறி புடிச்ச ஆக்சிஜன் வந்து கடிச்சா, செல் அப்படியே பாதியில நின்னுடும். கிழிஞ்சதத் தைக்கப் பாக்கும். முடிஞ்சா பிரியும். முடியலன்னா செத்துடும்."

"அப்ப அந்த ஆக்சிஜனு மொத்தமாவே கெட்டதுங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க. எல்லார் ஒடம்புலயும் எப்பவுமே அது கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சம் இருந்தாத்தான் பல செல்லுக்கு 'இப்ப பிரியலாம்'னே தெரியும். அளவு மீறினாத்தான் ஆபத்து."

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "யூரியா மாதிரிங்களா? கொஞ்சமா வெச்சாத் தழையும். அள்ளிக் கொட்டினா வேர் கருகிப் போயிடும்."

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்க புரொஃபசர்கூட இவ்ளோ லேசா சொல்லிக் குடுக்கலங்க."

நான் கவரில் எழுதிக் கேட்டேன்: 'மாட்டுக்கும் இதே கதியா?' மருந்தடித்த அன்று, சாரல் பட்ட வரப்பில் அறுத்த புல் எங்கள் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது.

"பால் குடிச்சு வளர்ற எல்லா உசுருக்கும் இதே கணக்குதான்க்கா. எலியில பாத்துத்தான் நாங்களே படிச்சோம்."

என் வீட்டுக்காரர் உடனே வெளியே போய் ஊருக்குப் போன் செய்து, அந்தப் புல்லை எடுத்துக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார். திரும்பி வந்ததும் டாக்டர் அவரிடம் மட்டும் இன்னொன்று சொன்னார். எனக்கும் கேட்டது.

"சிறுநீரகத்துல செல் பிரியணும். பிரிஞ்சாத்தான் அது சரியாகும். நுரையீரல்ல தழும்பு போடுற செல்னு ஒண்ணு இருக்கு, அது நிறையப் பிரியக் கூடாது. பிரிஞ்சா நுரையீரல் தோல் மாதிரி கெட்டியாயிடும். அதுக்கப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. இதுக்கு மாத்து மருந்து கெடையாது. இன்னொரு விஷயம். இவங்களுக்கு மூச்சு வாங்கும். அப்ப ஆக்சிஜன் கேப்பீங்க. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு தொண்ணூறுக்குக் கீழ எறங்குற வரைக்கும் குடுக்க மாட்டோம். ஆக்சிஜன் கூடக் கூட அந்த மருந்துக்குத் தீனி போட்ட மாதிரி ஆயிடும். மறந்துடாதீங்க."

மாற்று மருந்தே இல்லாத ஒரு சாமானை உப்பு, புளி விற்கிற மாதிரி விற்கிறார்கள். எங்களுக்கு டப்பாவிலிருந்து பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித்தான் கொடுத்தார்கள். கையுறையும் தரவில்லை, காகிதமும் தரவில்லை. டப்பாவோடு வாங்கினாலும், அதில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்க எறும்பின் கண் வேண்டும். ஊதாதே, உறிஞ்சாதே என்று பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தை போட்டால் என்ன குறைந்துவிடும்? அடைப்பு எடுக்க ஒரு சின்னக் கம்பியை நாசிலோடு கட்டிக் கொடுத்தால் என்ன?

கெட்ட முட்டை மாதிரி நாறும் ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். வெறி பிடித்த ஆக்சிஜனைச் சாந்தப்படுத்துவதற்காம். மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். அது ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விடுவது. பிறகு இரண்டு நாள் வேறொரு ஊசி. அந்த மருந்து பாட்டிலைப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரி, "இது கேன்சருக்குப் போடுறதாச்சே" என்று அலறினாள். உண்மைதான். செல் பிரிவதைத் தடுக்கிற மருந்து அது. என் நுரையீரலில் கூடிக்கொண்டு நின்ற செல்கள் பெருகாமல் இருக்கப் போட்டார்கள். எது பிரிய வேண்டும், எது பிரியக் கூடாது என்று அதற்குத் தெரியாது. தலைமுடி வேரில் இருக்கும் செல்லையும் நிறுத்திவிட்டது. பத்தாம் நாளுக்குப் பிறகு தலையணையில் கொத்துக் கொத்தாக முடி.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விரலில் மாட்டும் கிளிப் தொண்ணூற்றொன்று காட்டியது. மூச்சு வாங்குவது எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். காற்று உள்ளே வருகிறது, ஆனால் பசி தீரவில்லை. அவ்வளவுதான். எவ்வளவு இழுத்தாலும் பசி தீராது.

பகல் பன்னிரண்டு மணி, பார்வையாளர் நேரம். என் அண்ணன் முனிராஜ் வந்தான். பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஊர்த் தக்காளியை டிராக்டரில் ஏற்றிப் போகிறவன். வார்டு வாசலிலேயே அவன் குரல் கேட்டது.

"எங்கடா அவன்? எந் தங்கச்சிய மருந்து குடிக்க வெச்சவன்?"

"மச்சான், அவ குடிக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாய மூடு. ஊருக்கே தெரியும். பதினெட்டு வருஷமா அவ வெயில்ல டேங்க்கு தூக்குறா, நீ நெழல்ல உக்காந்துருக்க. போதாதுக்கு மருந்தையும் குடிக்க வெச்சிட்ட."

நான் கையை ஆட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்தான். என் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தான். கட்டிலின் தலைமாட்டில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. முகமூடி ஆணியில் தொங்கியது. அதன் மேல் ஒரு அட்டையில் சிவப்பு மையில் 'ஆக்சிஜன் வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

"என்னாடா இது அநியாயம்? மூச்சு முட்டுறவளுக்கு ஆக்சிஜன் வேணாமா? கையில காசு வாங்கினாத்தான் தொறப்பீங்களா?" என்று சிஸ்டரைப் பார்த்துக் கத்தினான். சிஸ்டர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். அந்த நேரத்தில் அவனே குழாயைத் திருகினான். முகமூடியை எடுத்து என் முகத்தில் வைத்து அழுத்தினான்.

உண்மையைச் சொல்கிறேன். சுகமாக இருந்தது. காலையிலிருந்து முதல் முறையாக அந்தப் பசி அடங்கியது. டாக்டர் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். என் உடம்புக்குத் தெரியாது. அண்ணன் கையை நான் தள்ளிவிடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர், எதையும் யோசித்துவிட்டே செய்கிற அந்த மனுஷன், யோசிக்கவே இல்லை. அண்ணன் கையைத் தள்ளி, என் முகத்திலிருந்து முகமூடியைப் பிய்த்து எடுத்தார். எடுத்துக் குழாயை மூடினார்.

வார்டு மொத்தமும் பார்த்தது. புருஷன்காரன், மூச்சு முட்டும் பெண்டாட்டியின் ஆக்சிஜனைப் பிடுங்குகிறான். ஒருத்தி, "ஐயோ, எல்லார் கண்ணு முன்னாடியே கொல்றானே" என்று கத்தினாள். அண்ணன் அடித்தான். கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று. ஆபரேஷன் செய்த முதுகு கட்டில் கம்பியில் இடித்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. முகமூடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடி வாங்கிக்கொண்டே சொன்னார்:

"அடி மச்சான். எவ்ளோ வேணாலும் அடி. இதக் குடுக்க மாட்டேன். இதுதான் அவளக் கொல்லும்."

நான் அவரை வெறுத்தேன். காற்று வேண்டும் என்று இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் ஊர் சொன்னது எல்லாம் உண்மை என்றுகூட நினைத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டர் கலைவாணி ஓடி வந்தார். முதலில் கிளிப்பைப் பார்த்தார். பிறகு குழாயைப் பார்த்தார். பிறகுதான் அண்ணனிடம் திரும்பினார்.

"யாரு தொறந்தது?"

"நாந்தான். என்னா பண்ணப் போறீங்க?"

"எவ்ளோ நேரம்?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். உதட்டில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

டாக்டர் கத்தவில்லை. அண்ணனை உட்கார வைத்து, எங்களுக்குச் சொன்ன அதே கதையை அவனுக்கும் சொன்னார். அடுப்பில் நெருப்பு பிடித்திருக்கும்போது ஊதாங்குழலால் ஊதுவதைத்தான் நீங்கள் செய்தீர்கள் என்றார். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மெல்ல மெல்லத் தொங்கியது.

"அந்த அஞ்சு நிமிஷத்துல கெட்டுப் போச்சுங்களா மேடம்?" என்றான் கடைசியில்.

"தெரியல. சொல்ல முடியாது. இவரு எடுக்கலன்னா சாயங்காலம் வரைக்கும் வெச்சிருப்பீங்க. அதத்தான் என்னால சொல்ல முடியும்."

அண்ணன் எழுந்தான். வெளியே போய், ஒரு டம்ளர் சூடான பால் வாங்கி வந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் வைத்துவிட்டு, டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உதடு கிழிந்தவரால் சூடான பாலை எப்படிக் குடிக்க முடியும்? ஆறவைத்துக் குடித்தார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். என் சிறுநீரை ஜாடியில் அளந்து எழுத வேண்டும். எட்டாம் நாள் இருநூறு மில்லி. பத்தாம் நாள் ஐந்நூறு. பதிமூன்றாம் நாள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு, "ஆயிரத்து அறுநூறு! ஆயிரத்து அறுநூறு!" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பிள்ளை பிறந்தபோதுகூட அந்த மனுஷன் இப்படிச் சத்தமாகப் பேசியதில்லை. நான் வெட்கத்தில் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரி, "இவனப் போயி கொலகாரன்னு சொல்லிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து முழு இட்லி கொடுத்தாள்.

சிறுநீரகத்தில் செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்றார் டாக்டர். நல்ல வேளையாக நான் தொண்டைக்குள் விட்டது கொஞ்சம். நுரையீரலில் அடியில் ஒரு பக்கம் தழும்பு விழுந்துவிட்டது. ஸ்கேனில் வெள்ளைக் கோடுகளாகக் காட்டினார். அது போகாது, ஆனால் வளராமல் நின்றுவிட்டது. "அந்த அஞ்சு நிமிஷத்துல வந்த கோடு எது?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்தார்கள். முதல் வரியிலேயே, களைக்கொல்லி அருந்தியதாகச் சேர்க்கப்பட்டார் என்று இருந்தது. முதல் நாள் யாரோ எழுதியதை அப்படியே டைப் அடித்துவிட்டார்கள். டாக்டர் கலைவாணி அடித்து எழுதியதை யாரும் பார்க்கவில்லை. நான் வாங்க மாட்டேன் என்றேன்.

"பேப்பர்ல என்னா இருந்தா என்னம்மா? உசுரு பொழச்சுட்டீங்க, வூட்டுக்குப் போங்க" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர்.

"இந்த ஒரு வரியால எங்க வூட்டுக்காரரு அடி வாங்கினாரு. எம் பையன் பள்ளிக்கூடத்துல 'உங்கப்பன் உங்கம்மாவக் கொல்லப் பாத்தவன்'னு கேட்டுட்டு வந்து அழுதான். போலீஸ் ரெண்டு தடவ வந்துட்டுப் போச்சு. மாத்திக் குடுங்க. இல்லன்னா அந்தக் கட்டில்லயே போயி மறுபடியும் படுத்துக்குவேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நான்கு முறை நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. கடைசியில் டாக்டர் கலைவாணி வந்து, புதிதாக டைப் செய்யச் சொன்னார். தெளிப்பானின் நாசிலை வாயால் ஊதி உறிஞ்சியபோது உட்சென்றது என்று வந்தது. 'உறிஞ்சியபோது' என்ற வார்த்தை வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு நகல், ஊர் டீக்கடைக்கு ஒரு நகல் எடுத்தேன். டீக்கடைக்காரர் அதை ஒட்டமாட்டேன் என்றார். நானே கல்லாவுக்கு மேலே பசை தடவி ஒட்டினேன். இன்னும் இருக்கிறது.

அண்ணன் ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் கேட்காமலேயே வந்து, எங்கள் டேங்க்கை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டான். "இனிமே உங்க நெலத்துக்கும் நாந்தான் அடிப்பேன்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தும் சொல்லவில்லை. தக்காளிச் செடியைப் பார்த்துச் சொன்னான். மன்னிப்பு கேட்பது அவனுக்கு அவ்வளவுதான் வரும். அன்று அடித்தது பாராகுவாட் இல்லை, பூச்சி மருந்துதான். பாராகுவாட்டை இனி எங்கள் நிலத்தில் விட மாட்டேன். களையைக் களைக்கொத்தாலேயே எடுத்துக்கொள்கிறோம்.

நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். நாலு சால் தள்ளி நாசில் அடைத்துக்கொண்டது. அண்ணன் டேங்க்கை இறக்காமலேயே நாசிலைக் கழற்றினான். துண்டில் துடைத்தான். வாய்க்குக் கொண்டுபோனான்.

என் அண்ணனுக்கு எல்லாம் தெரியும். என் நாக்கு உரிந்ததை அவன் பார்த்தான். டாக்டர் சொன்னதைக் கேட்டான். டீக்கடையில் நான் ஒட்டிய தாளை அவனே பத்துப் பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். ஆனாலும் கை தானாக வாய்க்குப் போகிறது. அந்தக் கையை எனக்கும் தெரியும்.

கத்த வாயைத் திறந்தேன். "அண்" என்பதோடு மூச்சு நின்றுவிட்டது. முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் மூன்று நிலம் தாண்டிக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சாலுக்குள் இறங்கியிருந்தார். வேகமாக நடக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிற அந்த முதுகோடு ஓடினார். அண்ணன் உதட்டில் பட்டுக்கொண்டிருந்த நாசிலைப் பிடுங்கிக்கொண்டார். சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, நாசிலின் ஓட்டையில் விட்டுக் குத்தினார். பாசி வந்துவிட்டது. நாசிலைத் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் அடிக்கவில்லை. வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு, அந்த ஊக்கைக் கேட்டு வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டான்.